வேலையை விடாமல் விமானியாக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 28. சொந்த ஊர் முசிறிக்கு அருகே ஒரு கிராமம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் எடுத்து, பிறகு இயந்திரவியல் பொறியியல் முடித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஷிப்ட் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 54,000 ரூபாய். அப்பா, அம்மா, அப்பாயி, நர்சிங் கடைசி ஆண்டில் ஒரு தங்கை, கல்லூரி முதலாண்டில் ஒரு தங்கை, பத்தாவது படிக்கும் தம்பி, மனைவி, ஒன்றரை வயது மகள் என எட்டுப் பேர் ஊரில் இருக்கிறார்கள். மாதம் 32,000 ரூபாய் அனுப்புகிறேன். விமானியாக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே இருக்கும் ஆசை. சனி, ஞாயிறுகளில் பயிற்சி பெற்று உரிமம் வாங்க முடியுமா? வயது கடந்துவிட்டதா? இரண்டு ஏக்கர் வாழைத் தோட்டத்தை அடகு வைத்துப் பணம் தருகிறேன் என்கிறார் அப்பா. வெளிநாட்டில் ஒன்பது மாதத்தில் முடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. பயணிகள் விமானத்தை இயக்குபவர் 65 வயது வரை பணியில் இருக்கலாம். முப்பத்து மூன்றில் உரிமம் வாங்கினாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியிருக்கிறது. விமான நிறுவனங்கள் தாமே நடத்தும் கேடட் திட்டங்களில் சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டங்களின் செலவு உங்கள் குடும்பத்துக்கு எட்டாதது என்பதால், அந்த வரம்பை எண்ணி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

சனி, ஞாயிறு பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டம் முழுவதும் அதன் மீதுதான் நிற்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் பொறுப்பாளராக இருந்து பறந்ததாக இருக்க வேண்டும். அந்த நூறிலும் 15 மணி நேரம், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். இவை தவிர 300 கடல் மைல் தூரம், இடையில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் நெடும்பயணம், இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. இப்போது வார இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓய்வாக இருக்கும் அந்த நாளில் விமானம் பழுதுபார்ப்பில் இல்லாமல் இருக்க வேண்டும், பயிற்றுநர் இருக்க வேண்டும், வானமும் ஒத்துழைக்க வேண்டும். இம்மூன்றும் கூடிவரும் நாள்களை வைத்துப் பார்த்தால் மாதம் நான்கு மணி நேரம் பறப்பதே பெரிது. அந்த வேகத்தில் 200 மணி நேரத்தை எட்ட 50 மாதங்கள் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 20,000 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 80,000 ரூபாய் வேண்டும். அது உங்கள் சம்பளத்தைவிட அதிகம். ஆகவே சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் படித்துவிடலாம் என்ற கணக்கு முதல் மாதத்திலேயே உதைக்கிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படும் இடையூறு வேறு. விமானம் ஓட்டும் கை சைக்கிள் ஓட்டும் கை அல்ல. கற்றது அப்படியே தங்குவதில்லை, தொடக்கத்தில் இரண்டு வாரம் விட்டாலே தரையிறக்கம் தடுமாறத் தொடங்கிவிடும். நான் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளில், இடைவெளி விட்டு வரும் மாணவர்களுக்கு முந்தைய பாடத்தையே மறுபடி கற்பித்து, தனியாக அனுப்பலாமா என்று மீண்டும் சரிபார்த்து அனுப்புவதிலேயே அவர்கள் காசு கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். தொடர்ந்து பறக்க வசதியில்லாதவர்கள். ஒருவர் 130 மணி நேரத்தில் பணம் தீர்ந்து ஊருக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. 130 மணி நேரத்துக்கு அரைச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது, அதைக் காட்டி எந்த நிறுவனத்திலும் வேலை கேட்கவும் முடியாது. இதோடு உங்கள் இரவு ஷிப்டையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளி இரவு வேலை முடித்து, சனிக்கிழமை பேருந்தில் பெங்களூரு ஜக்கூரில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கோ திருவனந்தபுரத்தில் உள்ளதற்கோ போய், தூக்கம் கெட்ட கண்களோடு விமானத்தில் ஏறும் மாணவரை நான் தரையிலேயே நிறுத்திவிடுவேன். எந்த நல்ல பயிற்றுநரும் அதைத்தான் செய்வார்.

ஆனால் முடியாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. விமானிப் பயிற்சியை எல்லோரும் ஒரே மூட்டையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது இரண்டு மூட்டை. மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், வானொலித் தொடர்புத் தேர்வு ஆகியவை தரையில் முடிபவை. இவற்றை வேலையில் இருந்துகொண்டே, ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு ரூபாயும் குறைக்காமல் முடித்துவிடலாம். 200 மணி நேரப் பறத்தல் இரண்டாவது மூட்டை. அதை வேலையோடு சேர்த்துத் தூக்கக் கூடாது. முழுப் பணமும் கையிலோ வங்கியின் அனுமதிக் கடிதத்திலோ இருக்கும்போது, வேலையை விட்டோ நீண்ட விடுப்பு எடுத்தோ, ஒரே மூச்சில் முடிக்க வேண்டியது அது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, முதல் மூட்டையை இந்த மாதமே கையில் எடுங்கள், இரண்டாவதை மூன்று ஆண்டுகளுக்குத் தொடாதீர்கள் என்பதுதான்.

மருத்துவச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன் பின் முதல் வகுப்புச் சான்று என்பது வரிசை. கண்ணாடி அணிந்திருப்பது தடையல்ல. நிறங்களைப் பிரித்தறியும் பார்வை, இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்புப் பதிவு, செவித்திறன் ஆகியவற்றைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். லட்சக்கணக்கில் முன்பணம் கட்டிய பிறகு நிறக்குறைபாடு இருப்பதை அறிந்து அழுத குடும்பங்களை நான் சந்தித்திருக்கிறேன். சில ஆயிரம் ரூபாய்ச் சோதனையை முதலில் செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். எடை, இரத்த அழுத்தம் போன்றவற்றால் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், சரிசெய்துகொண்டு மறுசோதனைக்குப் போகலாம்.

அடுத்து, டி.ஜி.சி.ஏ.விடம் கணினி எண் எனப்படும் தேர்வர் பதிவு எண்ணைப் பெற்று எழுத்துத் தேர்வுகளுக்கு வாருங்கள். விமானப் போக்குவரத்து விதிகள், வானிலையியல், வழிகாண்முறை எனப்படும் நேவிகேஷன், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமான வகைத் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள்; தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. ஒவ்வொன்றாக எழுதலாம் என்பது உங்களைப் போன்ற வேலைக்காரருக்குப் பெரிய வசதி. விதிகளை முதலில் எழுதி முடியுங்கள், மனப்பாடமும் ஒழுங்கும் போதும். பொதுத் தொழில்நுட்பம் உங்கள் படிப்புக்கு அன்னியம் அல்ல. வானிலையியல் ஆங்கிலச் சொற்களால் மிரட்டினாலும், ஐப்பசி மழையையும் கார்த்திகைப் புயலையும் பார்த்து வளர்ந்தவருக்கு வடகிழக்குப் பருவக்காற்றுப் பாடம் புரியாமல் போகாது; கோடையில் சென்னையில் நண்பகலுக்குப் பிறகு வீசத் தொடங்கும் கடற்காற்றை, ஸ்ரீபெரும்புதூரில் அது எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள், ஒரு பாடமே முடிந்துவிடும். நேவிகேஷனுக்கு மட்டும் ஆறு மாதம் ஒதுக்குங்கள், ஒரு நல்ல ஆசிரியரும் வேண்டும். இப்போது மாலை நேர இணைய வகுப்புகள் இருக்கின்றன, எல்லாம் சேர்த்து ஓரிரு லட்சத்துக்குள் அடங்கும், அதையும் பாடத்துக்குப் பாடம் பிரித்துக் கட்டலாம். குறிப்பிட்ட விமான வகைத் தேர்வை மட்டும் இப்போது எழுத வேண்டாம். நீங்கள் சேரும் பள்ளியில் செஸ்னா 172 இருக்கிறதா, டைமண்ட் விமானம் இருக்கிறதா என்பது தெரிந்த பிறகே அதற்குப் பொருள் உண்டு. தேர்வு முடிவுகளுக்குக் காலாவதி உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பறக்கும் பயிற்சி எப்போது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கடினமான தாள்களை அதற்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலித் தொடர்புத் தேர்வில் தமிழ்வழி மாணவர்கள் தயங்குவது மொழியால் அல்ல, கூச்சத்தால். அங்கு கேட்கப்படுவது இலக்கிய ஆங்கிலம் அன்று; வரையறுத்த சொற்றொடர்களைத் தெளிவாக, வரிசை பிறழாமல் சொல்வதுதான். உடன் படிக்கும் ஒருவரோடு தினமும் பத்து நிமிடம் கைப்பேசியில், ஒருவர் விமானியாகவும் மற்றவர் கட்டுப்பாட்டு அறையாகவும் பேசிப் பழகினால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் உரிமம் வரையிலான செலவு இன்று 50 லட்சத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் இருக்கிறது. அது முடிந்ததும் ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி, அதாவது டைப் ரேட்டிங் வரும், அதற்குத் தனியாகப் பத்து லட்சத்துக்குக் குறையாது. 50 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 56,800 ரூபாய், அதாவது இன்று உங்கள் கைக்கு வரும் முழுச் சம்பளத்துக்கும் மேல். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பார்கள். ஆனால் வட்டி நின்றுவிடுவதில்லை, முழுத் தொகையும் வாங்கியிருந்தால் மாதம் 45,000 ரூபாய்க்கு மேல் அது ஓசையில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்பாவின் தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம். இதை உணர்ச்சியால் சொல்லவில்லை. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். ஆனால் கடன் திரும்பாதபோது பிணையச் சொத்தை வங்கி நேரடியாக எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், நீதிமன்றத்துக்குப் போகாமல் அந்த நிலத்தை எடுத்து விற்க வங்கியால் முடியாது. ஆகவே பெரும்பாலான வங்கி மேலாளர்கள் தோட்டத்தைப் பிணையமாக ஏற்கத் தயங்குவார்கள், வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். அங்கே தயக்கம் வந்ததும் தனியார் வட்டிக்காரர் உள்ளே வருவார். அவருக்குத் தோட்டம்தான் வேண்டும். அவருடைய வட்டியை 11 விழுக்காட்டோடு ஒப்பிடவே முடியாது. உங்கள் அப்பா பெரிய மனதோடு சொல்லியிருக்கிறார், அந்த மனதுக்கு நன்றி சொல்லுங்கள், பத்திரத்தைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் பறக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? என் கணக்கில், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது கடனில்லாத சேமிப்பாக இருக்க வேண்டும். 24 மாத வீட்டுச் செலவு, இன்றைய கணக்கில் 7,68,000 ரூபாய், தனிக் கணக்கில், பயிற்சிக்குத் தொடாத பணமாக இருக்க வேண்டும். மீதிக்கு வாங்கும் கடனின் பிணையம், போனால் எட்டுப் பேரும் தெருவுக்கு வரும் சொத்தாக இருக்கக் கூடாது. இவை இன்று மலைபோலத் தெரியும். ஆனால் மூத்த தங்கை அடுத்த ஆண்டு வேலைக்குப் போகிறார், இளையவர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெறுகிறார். சுமை இன்றிருப்பதைப் போலவே நிற்கப் போவதில்லை. தங்கையின் சம்பளத்தை உங்கள் பயிற்சிக்குக் கேட்காதீர்கள், அவர் திருமணத்துக்கு என்று வைத்திருப்பதையும் தொடாதீர்கள். வீட்டுக்கு அவர் தருவது எவ்வளவோ, அவ்வளவு உங்கள் பக்கம் மிஞ்சும், அது போதும். தரக் கட்டுப்பாட்டில் அனுபவம் உள்ளவர்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்த வேலைக்குப் போவது நம் ஊரில் புதிதல்ல. என் மாணவர்களில் பயிற்சிப் பணத்தை முழுவதும் தானே சேர்த்தவர் ஒருவர் அந்த வழியில்தான் சேர்த்தார். இத்தனைக்குப் பிறகும் இந்த மூன்று நிபந்தனைகளும் கூடிவராமலே போகலாம் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அப்போது இழப்பு ஓரிரு லட்சத்தோடும் சில ஆண்டு மாலைகளோடும் நிற்கும், தோட்டம் இருக்கும்.

உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி பறத்தல் பயிற்சி நிறுவனத்தையும் பட்டியலில் வையுங்கள். அங்கு நுழைவுத் தேர்வு, நேர்காணல், இட ஒதுக்கீடு ஆகியவை உண்டு. கட்டணம் அங்கேயும் குறைவல்ல, ஆனால் மறைமுகச் செலவுகள் குறித்து உங்களை இருட்டில் வைக்க மாட்டார்கள்.

ஒன்பது மாத முகவரைப் பற்றி. வெளிநாட்டில் வானிலையும் விமானங்களின் எண்ணிக்கையும் சாதகமாக இருந்தால் விரைவாக முடிவது நடக்கக் கூடியதே. ஆனால் அமெரிக்காவில் தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் படிக்கும்போது வேலை செய்ய முடியாது, அங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழி அடைபடுகிறது. வாங்கிய உரிமத்தோடு திரும்பினால் இங்கே அதை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். இந்திய மருத்துவச் சான்று, டி.ஜி.சி.ஏ. தேர்வு, திறன் சோதனை எல்லாம் அப்போதும் உண்டு. முகவர் சொல்லும் ஒன்பது மாதத்தில் இந்த மாதங்கள் சேர்வதே இல்லை. வேலைக்கு உத்தரவாதம் என்று அவர் எழுதிக் கொடுத்தால், எந்த நிறுவனம், எந்த ஒப்பந்தம் என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே மாறும். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததை அவர் கட்டாயம் சொல்லியிருப்பார். அந்த எண்கள் உண்மை. அவை ஆண்டுகள் பலவாகச் சிறுகச் சிறுக வந்து சேர்பவை என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலைச் சந்தைக்கு வந்தார்கள். 200 மணி நேரம் மட்டுமே பறந்த புதியவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். உரிமம் வாங்கிய பின் ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்க நேரிடும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். அந்தக் காலத்துக்கு உங்கள் பழைய தொழிலுக்குத் திரும்பும் கதவு திறந்திருக்கட்டும், இப்போதைய நிறுவனத்திலிருந்து நல்ல பெயரோடு வெளியே வாருங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வரும்போது விளம்பரப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் அந்த ஊரில் தங்குங்கள். எத்தனை விமானங்கள் என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தன என்று கேளுங்கள். ஒரு மாணவர் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்பதை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, தேநீர்க்கடையில் நிற்கும் மாணவரிடம், பறந்த மணிகளைக் குறித்துவைக்கும் அவருடைய லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்தப் பள்ளி. பள்ளிகளுக்கு டி.ஜி.சி.ஏ. 2025இல் தரவரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்கும் இடத்தில் சேராதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும் ஏற்பாடே உங்களுக்குப் பாதுகாப்பு.

பலரும் கவனிக்காத ஒன்று காப்பீடு. எட்டுப் பேரின் வருமானம் நீங்கள் ஒருவரே என்னும்போது, பயிற்சிக்கு முன்பே போதிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுங்கள். விண்ணப்பத்தில் விமானிப் பயிற்சி பெறப் போவதை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பின்னர் உங்கள் மனைவிதான் அலைவார். விபத்துக் காப்பீடுகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்திய பயணியாகப் பறப்பதற்கு மட்டுமே பொருந்தும், பயிற்சி மாணவருக்குப் பொருந்தா. கையெழுத்துக்கு முன் விலக்குகளைப் படியுங்கள்.

மனைவி என்று எழுதும்போதுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்பது இருக்கிறது, முகவர் சொன்னது இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்பது இல்லை. நீங்கள் வேலையை விடும் இரண்டு ஆண்டுகளில் அந்த வீட்டை நடத்தப் போகிறவர் அவர். அவருக்கும் ஒரு படிப்பும் ஒரு கணக்கும் இருக்கக்கூடும், மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் தானும் வேலைக்குப் போக எண்ணக்கூடும். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டி, மேலே எழுதிய எண்களை இருவரும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். நான் விட்டுவிட்ட செலவு ஏதாவது இருந்தால் அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து இரவு ஷிப்ட் வாரம் முடிந்ததும் இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனைக்குப் போய் வாருங்கள். தூக்கமில்லாத மறுநாள் போனால் இரத்த அழுத்தம் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். முடிவு எதுவானாலும் எழுதுங்கள். நேவிகேஷன் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அதன் பிறகு பேசுவோம்.